பதின்மூன்று கோல்கள்
கொச்சிக் கால்பந்து அணியின் முதலாண்டு வரலாறு

நாம் குடியிருக்கும் இவ்வெலிங்டன் தீவு இயற்கை படைத்த தீவன்று. 1920ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியியல் வல்லுநர் ராபர்ட் பிரிஸ்டோ, பெருங்கப்பல்கள் உள்ளே நுழைவதற்காகக் காயலின் அடியை ஆழப்படுத்தினார். அப்போது வாரியெடுத்த சேற்றையும் மணலையும் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய நிலம் இது. 1928ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் 'பத்மா' என்னும் கப்பல் முகத்துவாரத்தைக் கடந்து உள்ளே வந்தது. சென்னை மாகாணத்தின் ஆளுநராகவும் பின்னர் இந்தியாவின் வைசிராயாகவும் விளங்கிய வெலிங்டன் பிரபுவின் பெயரை இத்தீவு தாங்கியது. எதிர்க்கரையிலுள்ள கோட்டைக்கொச்சி 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரையில் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்திருந்தது. ஆக, வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்த மண்ணின்மேல், வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்த நாம் வாழ்கின்றோம்.

ஆண்டுதோறும் நம் மலரில் முசிறித் துறைமுகமும் சேரன் செங்குட்டுவனும் தவறாது இடம்பெறுவர். அவர்கள்பால் எனக்குப் பகைமை ஒன்றுமில்லை. ஆயினும் வரலாறு என்பது ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமுமில்லை. நம் கண்ணெதிரே நடந்து, நம் குடும்பங்களுக்குள் சிறு பூசலையும் எழுப்பிய நிகழ்ச்சியொன்றை எழுதலாமே என்று தோன்றியது. 2014ஆம் ஆண்டில் கொச்சியைத் தாயகமாகக் கொண்டு தோன்றிய கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் முதற்பருவத்தைப் பற்றியதே இக்கட்டுரை. அப்பருவத்தில் அவ்வணி அடித்த கோல்கள் பதின்மூன்றே. பதினேழு ஆட்டங்களுக்குப் பதின்மூன்று கோல்கள் என்பது பெருமைப்படத்தக்க கணக்கன்று. எனினும் ஏறத்தாழ ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் ஒரு கதையுண்டு.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். கேரளத்தார் கால்பந்தின் மீது கொண்ட காதல் நாம் நேரிற் கண்டறிந்தது. மட்டாஞ்சேரியின் சந்துகளிலும் தோப்பும்படியின் திடல்களிலும் மழையிலும் வெயிலிலும் பந்துருளக் காண்கிறோம். 1973ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் கோப்பையின் இறுதியாட்டம் நடைபெற்றது. கேரளம் ரயில்வே அணியை 3–2 என்ற கணக்கில் வென்று அக்கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. மூன்று கோல்களையும் அடித்தவர் தலைவர் மணி. அவ்வெற்றிக்குப் பின் அவர் 'கேப்டன் மணி' என்றே வாழ்நாள் முழுவதும் அழைக்கப்பெற்றார். அந்த அணியைப் பயிற்றுவித்தவர் சைமன் சுந்தரராஜ். 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்ற தமிழர். கேரளத்தின் முதற்கோப்பைக்குப் பின்னால் ஒரு தமிழரின் உழைப்பு இருந்தது என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்?

பின்னர் 1997ஆம் ஆண்டில் எஃப்.சி. கொச்சின் என்னும் அணி எழுந்தது. ஆட்டக்காரர்கள் வங்கியிலோ ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பந்தாடிய காலத்தில், ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட அணியாக அது புகுந்தது. அவ்வாண்டே டூராண்டு கோப்பையின் இறுதியாட்டத்தில் கல்கத்தாவின் மோகன் பகானை 3–1 என வென்றது. கேரளத்து அணியொன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை. அதே 1997–98 பருவத்தில் அன்றைய உயர்நிலைப் போட்டியாகிய தேசிய கால்பந்து லீக்கிலும் அது அடியெடுத்து வைத்தது. அந்த அணியில் விஜயன் என்னும் பெயருடையார் இருவர் இருந்தனர். ஒருவர் திருச்சூரின் ஐ.எம். விஜயன், 'திமிரு' திரைப்படத்தில் கண்டவர்கள் அவரை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். மற்றவர் நம் தமிழ்நாட்டின் இராமன் விஜயன். அந்த லீக்கில் நாடு முழுவதிலும் மிகுதியான கோல்களை அடித்தவர் என்ற சிறப்பு இராமன் விஜயனுக்கே கிட்டியது. அவர் அடித்தவை 10 கோல்கள், அடித்தது கொச்சிக்காக.

முறையாகப் பார்த்தால் கொச்சி நகரின் உயர்நிலை அரங்கேற்றம் அந்த 1997–98 பருவமே ஆகும். 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் அப்போது முறைப்படி நாட்டின் முதல்நிலைப் போட்டி அன்று. ஐ-லீக்கே அத்தகுதியைப் பெற்றிருந்தது. சில ஆண்டுகள் கழித்தே முதல்நிலைத் தகுதி ஐ.எஸ்.எல். பக்கம் வந்தது. வரலாறு எழுதப் புகுந்தவன் இதைச் சொல்லாமல் விடலாகாது. ஆனால், கலூர் மைதானத்தை நிரப்பிய மக்கள் இந்த நுட்பத்தையெல்லாம் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. எஃப்.சி. கொச்சின் பண நெருக்கடியில் சிக்கி 2002ஆம் ஆண்டளவில் மறைந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பசித்திருந்தவர்கள் இலைக்கு முன் அமர்ந்துவிட்டு, சமைத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டா இருப்பர்?

நிற்க. புதிய அணியின் உரிமையாளருள் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். மேலாளர், இங்கிலாந்து நாட்டின் முன்னாள் கோல்காப்பாளர் டேவிட் ஜேம்ஸ். அவர் மேலாளராக மட்டுமன்றிக் கையுறையணிந்து கோலையும் காத்தார். முன்வரிசையில் கனடாவின் இயன் ஹியூம், பிரேசிலின் பெட்ரோ குஸ்மாவோ ஆகியோர். நடுவரிசையில் நைஜீரியாவின் பென் ஓர்ஜி, ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் பியர்சன், காச்மீரத்தின் இஷ்பாக் அகமது ஆகியோர். பின்வரிசையில் சண்டீகரத்தில் வளர்ந்த இளைஞர் சந்தேஷ் ஜிங்கன். இவர்களோடு நீலகிரியின் உதகமண்டலத்தைச் சேர்ந்த சின்னதுரை சபீத் என்னும் தமிழ் இளைஞரும் இருந்தார். மறுபக்கத்தில் சென்னையின் எஃப்.சி. அணியில் கண்ணூரைச் சேர்ந்த டென்சன் தேவதாஸ் இடம்பெற்றிருந்தார். தமிழர் கொச்சிக்கு ஆடினார். மலையாளி சென்னைக்கு ஆடினார். பிழைப்புக்காக எல்லை கடப்பது பந்தாட்டக்காரருக்கும் பொதுவே.

ஆட்டம் தொடங்கிய விதம் நன்றாக இல்லை. அக்டோபர் 13ஆம் நாள் குவாஹாத்தியில் வடகிழக்கு அணியிடம் 0–1 எனத் தோல்வி. இரண்டாம் ஆட்டம் சென்னையில், அக்டோபர் 21ஆம் நாள். அதுதான் நம் குடியிருப்பின் முதற்சோதனை. தீபாவளிக்கு முந்தைய நாள். பாதிக் குடும்பங்கள் ஊருக்குச் சென்றுவிட்டன. எஞ்சியவர்கள் சங்க மண்டபத்தின் தொலைக்காட்சி முன் கூடினோம். பெரியவர்கள் பெரும்பாலோர் சென்னையின் பக்கம். பிள்ளைகள் அத்தனை பேரும் கேரளத்தின் பக்கம். அவர்கள் எல்லோரும் எர்ணாகுளத்து மருத்துவமனைகளில் பிறந்து, இங்குள்ள பள்ளிகளிற் பயில்கின்றவர்கள். அன்று ஏழு வயதினனாயிருந்த என் பேரன் என் முழங்காலைப் பற்றிக்கொண்டு, "தாத்தா, நாம எந்தப் பக்கம்?" என்று கேட்டான். நான் திருநெல்வேலிச் சீமையினின்று 1971ஆம் ஆண்டில் இத்தீவிற்கு வந்தவன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கப்பல்களின் கணக்குகளோடு வாழ்ந்தவன். எந்தக் கணக்கிலும் இவ்வளவு நேரம் தயங்கியதில்லை. "ஆட்டத்தைப் பாரு" என்று சொல்லித் தப்பினேன்.

சென்னை அணியின் பிரேசில் வீரர் எலானோ பெனால்டி அடித்து முதற்கோலைப் பதித்தார். பின்னர் இயன் ஹியூம் ஈடு செய்தார். கேரளா பிளாஸ்டர்ஸ் என்னும் அணியின் வரலாற்றில் முதன்முதற் கோல் அதுவே. அது விழுந்தது கொச்சியில் அன்று, சென்னைப் பெரியமேட்டில். பிள்ளைகள் எழுந்து குதித்தனர். அந்த ஆரவாரம் அடங்குமுன் பிரெஞ்சு வீரர் பெர்னார் மெண்டி குதிகாலால் தட்டிவிட்ட பந்து கேரள வலைக்குள் சென்றது. சென்னை 2, கேரளம் 1. கால்பந்தின் அழகை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால், அன்றைய மூன்று கோல்களுள் மெண்டியினதே சிறந்தது. இதை அன்றே உரக்கச் சொல்லி, வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது எவரும் என்னோடு பேசாத நிலையை வரவழைத்துக்கொண்டேன்.

ஐந்து நாள் கழித்துக் கல்கத்தாவில் ஹியூம் மீண்டும் ஒரு கோல் அடித்து 1–1 எனச் சமன் செய்தார். அணிக்கு அது முதற்புள்ளி.

அக்டோபர் 30ஆம் நாள் புனே நகரில் நடந்த ஆட்டத்தை நான் சற்று விரித்தெழுதுவதை வாசகர் பொறுத்தருள வேண்டும். புனே அணிக்காக ஆடியவர் டேவிட் திரெசகே. 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் பிரான்சுக்காக வெற்றிக்கோல் அடித்த அதே மனிதர். அவர் தம் பழைய கைவண்ணத்தை – கால்வண்ணம் என்பதே சரி – காட்டி முதற்கோலைப் போட்டுவிட்டார். கேரளம் அதுவரை ஒரு வெற்றியும் காணவில்லை. முதற்பாதி முடியும் தறுவாயில் சபீத் அடித்த பந்து வலையிற் புகுந்து ஆட்டம் சமனாயிற்று. இரண்டாம் பாதியில் பென் ஓர்ஜி இரண்டாம் கோலை அடித்தார். 2–1. முதல் வெற்றி!

கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்காகக் கோல் அடித்த முதல் இந்தியர் யார் என்று எவரேனும் வினவினால் விடை உதகமண்டலத்துத் தமிழர் என்பதே. அதற்கு முன் விழுந்த இரு கோல்களும் ஹியூமுடையவை. அன்றிரவு மண்டபத்தில் இருந்த பெரியவர்களுக்குப் பெரும் நிம்மதி பிறந்தது. சென்னையா கேரளமா என்ற சங்கடம் ஒருபுறம் கிடக்க, தமிழர் அடித்த கோலுக்குக் கைதட்டினால் எவருக்கும் மனவருத்தமில்லை அல்லவா? துறைமுகத்திற் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சென்னைக் கட்சியின் அசையாத தூண், முதன்முறையாகக் கேரளத்துக்காகக் கைதட்டினார். "பையன் நம்ம ஊட்டிக்காரன்ப்பா" என்று காரணமும் சொன்னார். காரணம் கேட்டவர் யாருமில்லை.

மும்பையில் ஒரு தோல்வி. நிக்கோலா அனெல்கா அடித்த ஒரே கோல் அதற்குப் போதுமானதாயிற்று. அதன் பின்னரே அணி கொச்சிக்குத் திரும்பியது. கலூர் மைதானத்தில் அக்டோபர் 8ஆம் நாள்தான் இந்தியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்குமிடையே கிரிக்கெட் பந்தயம் நடந்திருந்தது. அதில் இந்தியா படுதோல்வி அடைந்தது வேறு கதை. நவம்பர் 6ஆம் நாள், வியாழக்கிழமை, அதே திடலில் கால்பந்து உருண்டது.

அன்று நாங்கள் எண்மர் சென்றோம். மெட்ரோ ரயில் கொச்சியில் ஓடத் தொடங்கியது 2017ஆம் ஆண்டில். 2014இல் சாலை நடுவே தூண்கள் மட்டுமே எழுந்துகொண்டிருந்தன. பாலத்தைக் கடந்து பேருந்திற் சென்றால் தூண்களிடையே மாட்டிக்கொள்வோம் என அஞ்சி, எம்பார்க்கேஷன் ஜெட்டியில் படகேறி எர்ணாகுளம் சென்று, அங்கிருந்து ஒரு பகுதி ஆட்டோவிலும் மறுபகுதி நடையிலுமாகக் கலூரை அடைந்தோம். எங்கும் மஞ்சள். புதிய அணியின் நிறமும் மஞ்சள். சென்னைக் கிரிக்கெட் அணியின் நிறமும் மஞ்சள். நம் இளைஞர் பலர் செலவில்லாமல் பெட்டியிலிருந்த பழைய கிரிக்கெட் சட்டையை அணிந்து வந்துவிட்டனர். முதுகில் தோனியின் பெயரைத் தாங்கிக்கொண்டு கேரளத்துக்காகக் கத்திய அவர்களைச் சுற்றியிருந்த மலையாள நண்பர்கள் சிரித்தார்களே தவிர, தடுத்தாரில்லை. அவ்வாண்டில் உருவான மஞ்சப்படை என்னும் ரசிகர் கூட்டத்தின் முரசொலி எங்கள் நெஞ்சுக்குள் இடித்தது.

கோவா அணியோடு நடந்த அவ்வாட்டத்தில் இரண்டாம் பாதியில் ஒரே ஒரு கோல் விழுந்தது. அடித்தவர் மிலாகிரஸ் கொன்சால்வெஸ். கேரள அணி தன் சொந்த மைதானத்தில் பெற்ற முதற்கோல் அது. வேடிக்கை என்னவெனில் கொன்சால்வெஸ் கோவாக்காரர். சொந்த ஊர் அணிக்கு எதிராக, வந்து சேர்ந்த ஊருக்காக அடித்துவிட்டார். அந்தக் கோலைக் கண்டபோது எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சியன்று; அம்மனிதரின் வீட்டில் அன்று மாலை என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணமே வந்தது. பேரன் என் தோள்மீது ஏறி நின்றுகொண்டிருந்தான். என் பழைய கேள்வியை – அன்று, அவனுடைய கேள்வியை – அவன் மறந்துபோனான் என்றே நினைத்தேன்.

அதன் பின் டெல்லியோடும் மும்பையோடும் கோலில்லாத சமன்கள் வந்தன. கோலில்லாத ஆட்டத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு ஆற்றல் போதாது. நவம்பர் 21ஆம் நாள் கல்கத்தா அணி கொச்சி வந்தபோது நிலைமை மாறியது. ஆட்டம் தொடங்கிய நான்காம் நிமிடத்திலேயே ஹியூம் கோல் போட்டார். வாயில்களில் இன்னும் வரிசை நின்றுகொண்டிருந்தது. முதற்பாதி முடியுமுன் குஸ்மாவோ இரண்டாவதை அடித்தார். கல்கத்தாவின் எத்தியோப்பிய வீரர் பிக்ரு ஒன்றைத் திருப்பினார். முடிவு 2–1.

இடையே டெல்லிக்குச் சென்று பென் ஓர்ஜியின் ஒரே கோலால் வென்ற ஆட்டத்தையும் இங்குக் குறிக்க வேண்டும். அந்நாளில் அதை ஒரு சிறு வெற்றி என்றே எண்ணினோம். லீக் முடிந்தபோது கேரளம் 19 புள்ளிகளோடு நான்காம் இடம் பெற்றது. டெல்லி 18 புள்ளிகளோடு வெளியேறியது. அந்த ஒரு கோல் இல்லையேல் அரையிறுதி என்ற பேச்சே எழுந்திருக்காது. ஆரவாரமில்லாமல் விழுந்த கோல்கள் பின்னாளில் கணக்குப் பார்க்கும்போது எடை கூடிவிடுகின்றன. கோவாவில் 0–3 என்ற தோல்வியும், நவம்பர் 30இல் கலூரிலேயே சென்னையிடம் 0–1 என்ற தோல்வியும் வந்து மனத்தைத் தளர்த்தின. டிசம்பர் 9ஆம் நாள் புனே அணிக்கு எதிராக ஹியூம் அடித்த கோலே அணியைக் காப்பாற்றியது. லீக்கின் 14 ஆட்டங்களில் மொத்தம் 9 கோல்கள். இவ்வளவு சிக்கனமாகக் கோல் அடித்து அரையிறுதிக்குச் சென்றதைப் பார்த்து நம் இல்லத்தரசிகள் பொறாமை கொள்ளலாம்.

அரையிறுதியில் எதிரணி சென்னை. முதலிடம் பெற்ற அணிக்கும் நான்காமிடம் பெற்ற அணிக்கும் இரண்டு ஆட்டங்கள். முதலாவது கொச்சியில், இரண்டாவது சென்னையில். இரண்டின் கோல்களையும் கூட்டி முடிவு காண்பர். லீக்கில் இரண்டு முறையும் சென்னையே வென்றிருந்தது. குடியிருப்பில் அவ்வாரம் முழுவதும் பேச்சு வேறெதுவுமில்லை. சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் ஒருவர், "தமிழ்ச் சங்க மண்டபத்தில் சென்னைக்கு எதிராகக் கூச்சலிடுவது முறையா?" என்று வினவினார். மற்றொருவர், "இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இந்த ஊருக்கு எதிராகக் கூச்சலிடுவது மட்டும் முறையா?" என்று திருப்பினார். குரல்கள் உயர்ந்தன. நெடுநாள் நண்பர்கள் இருவர் அன்று ஒருவரையொருவர் பாராமல் வெளியேறினர். விளையாட்டுக்காக இவ்வளவு தூரமா என்று வெளியார் நகைக்கலாம். அங்குப் பேசப்பட்டது விளையாட்டு அன்று என்பது உள்ளிருந்த அனைவருக்கும் தெரியும். 2011இல் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டபின் பெட்டகச் சரக்கு இத்தீவைவிட்டு அக்கரை போயிற்று. வேலை குறைந்தது, சில குடும்பங்கள் தமிழ்நாட்டுக்கே திரும்பின. இருப்பதா, போவதா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் கிடந்தது. சென்னையா, கொச்சியா என்று பந்து கேட்டபோது அந்தப் பழைய புண்ணில் விரல் பட்டது.

டிசம்பர் 13ஆம் நாள், சனிக்கிழமை. கலூரில் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர். ஆட்டத்தின் முதல் அரைமணி முடிவதற்குள் இஷ்பாக் அகமது முதற்கோலை அடித்தார். மக்கள் இன்னும் உட்காரவில்லை; ஓரிரு நிமிடங்களிலேயே ஹியூம் இரண்டாவதைப் போட்டார். எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் முதற்கோலுக்காகப் பக்கத்திலிருந்தவரைத் தழுவிக்கொண்டிருந்த வேளையில் இரண்டாவது கோல் விழுந்துவிட்டது. அதை அவர் பார்க்கவேயில்லை.

மூன்றாவது கோலை எழுதும்போது இன்றும் என் கை சற்றே விரைகிறது. தொண்ணூறு நிமிடங்கள் கழிந்து, நடுவர் கூட்டிக் கொடுத்த நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் சிலர் நெரிசலுக்கு முன் வெளியேறலாம் என எழுந்து படிகளில் நின்றனர். மாற்றாளாக உள்ளே வந்திருந்தவர் சுசாந்த் மேத்யூ. வயநாட்டுக்காரர், முப்பது வயதைத் தாண்டியவர், பெரிய விலைக்கு வாங்கப்பட்ட வெளிநாட்டு வீரரல்லர். பெனால்டிப் பெட்டிக்கு வெளியே, நெடுந்தொலைவில், பந்து அவர் காலுக்கு வந்தது. ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். இடக்காலால் அடித்தார். பந்து வெளியே போவதுபோல் எழுந்து, வில்போல் வளைந்து, கோலின் மேல்மூலைக்குள் இறங்கியது. கோல்காப்பாளர் பாய்ந்தார், பாய்ந்ததில் பயனில்லை. ஒருகணம் மைதானத்தில் ஓசையே இல்லை. அதன்பின் எழுந்த ஒலியை நான் இத்தீவில் கப்பல்களெல்லாம் ஒன்றாகச் சங்கூதும் புத்தாண்டு நள்ளிரவிலும் கேட்டதில்லை.

அந்தப் பருவத்தின் கோல்களுள் எது தலைசிறந்தது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன். பெரும்பெயர் பெற்ற வெளிநாட்டார் பலர் நிறைந்த பந்தயத்தில், ஊர்க்காரர் ஒருவர், ஊர்மக்கள் முன்னிலையில், கடைசி நிமிடத்தில் அடித்தார் என்பதனால் மட்டுமன்று. 2–0 என்றிருந்ததை 3–0 என்றாக்கிய அந்தப் பந்து, 'தேவையில்லாத அழகு' என்றே அன்று தோன்றியது. மூன்றே நாள்களில் அதன் தேவை தெரிந்தது.

டிசம்பர் 16ஆம் நாள் மார்கழி முதல் நாளாக அமைந்தது. விடியலில் திருப்பாவை ஓதிய அதே மண்டபத்தில் மாலையில் தொலைக்காட்சி வைத்தோம். சண்டை தணியட்டுமென்று செயற்குழு ஓர் ஏற்பாடு செய்திருந்தது: யாரும் யாருக்காகவும் கூச்சலிடலாகாது. அந்த விதி அரைமணி நேரங்கூட நிலைக்கவில்லை. கேரளத்தின் ஜேமி மெக்கலிஸ்டர் இரண்டாம் மஞ்சள் அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பதின்மரே போராட வேண்டியதாயிற்று. இடைவேளைக்குச் சற்று முன் மிக்கேல் சில்வெஸ்தர் சென்னைக்கு முதற்கோலைத் தந்தார். இரண்டாம் பாதியில் பந்து சந்தேஷ் ஜிங்கன் மீது பட்டுத் தம் அணியின் வலைக்குள்ளேயே சென்றது. பருவம் முழுவதும் மதில்போல் நின்ற இளைஞருக்கு நேர்ந்த கொடுமை அது. தொண்ணூறாம் நிமிடத்தில் மிசோரத்தின் ஜேஜே மூன்றாவதை அடித்தார். 3–0. கொச்சியில் சேர்த்ததெல்லாம் சென்னையில் கரைந்தது. கூட்டிப் பார்த்தால் 3–3. வயநாட்டுக்காரரின் அந்தத் 'தேவையில்லாத' கோல் இல்லாதிருந்தால் கேரளத்தின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கிரேன் பெரியவர் நாற்காலியினின்று எழுந்து நின்று கைகளைக் கூப்பினார். எந்தத் தெய்வத்தை எந்த வரத்துக்காக வேண்டினார் என்று சொல்லத் தெரியவில்லை.

கூடுதலாக முப்பது நிமிடங்கள் ஆடினர். களைத்த கால்கள், தவறிய உதைகள். பெனால்டி உதைகளால்தான் முடிவு காண நேரும் என்று எல்லோரும் எண்ணியிருந்த வேளையில், 117ஆம் நிமிடத்தில், ஸ்டீபன் பியர்சன் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஆட்டத்தில் சென்னைக்கு 3–1 என வெற்றி. கூட்டுக் கணக்கில் கேரளத்துக்கு 4–3 என வெற்றி. தோற்ற ஆட்டத்தில் வென்ற அணியாகக் கேரளம் இறுதிக்குச் சென்றது. பதின்மூன்றாம் கோல் அதுவே. அப்பருவத்தின் கடைசிக் கோலும் அதுவே. முதற்கோலைப் போலவே கடைசிக் கோலும் விழுந்தது சென்னை மைதானத்தில் என்பதைப் பின்னர் கணக்கெழுதும்போதுதான் கண்டேன்.

மண்டபத்தில் பிள்ளைகள் ஆடினார்கள். பெரியவர்களிற் சிலர் எழுந்து வெளியே சென்று காயற்காற்றில் நின்றார்கள். செயற்குழுவில் மோதிக்கொண்ட அந்நண்பர்கள் இருவரும் வாயிலருகே எதிர்ப்பட்டனர். சென்னைக் கட்சியினர் மற்றவரைப் பார்த்து, "வாழ்த்துகள்" என்றார். அவர் மறுமொழியாக, "பத்துப் பேரை வெச்சுக்கிட்டு..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டு, தேநீருக்கு அழைத்துச் சென்றார். சமாதானம் முழுமையாயிற்று என்று சொல்வதற்கில்லை. சங்கத்தில் அவர்கள் அடுத்தடுத்த நாற்காலியில் அமர மேலும் ஓராண்டு ஆயிற்று.

இறுதியாட்டம் டிசம்பர் 20ஆம் நாள் நவி மும்பையில் கல்கத்தா அணியோடு நடைபெற்றது. அன்று மண்டபத்தில் ஒரே கட்சிதான். கிரேன் பெரியவர் மஞ்சள் துண்டு ஒன்றைத் தோளிற் போட்டு வந்தார். பழனி சென்றபோது வாங்கியதாம். கேரளம் நன்றாகவே ஆடியது. கல்கத்தாவின் கோல்காப்பாளர் எதெல் பலமுறை வழிமறித்தார். கோலின்றித் தொண்ணூறு நிமிடங்கள் ஓடின. கூடுதல் ஆட்டம் வரும் என்று ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். நடுவர் கூட்டிக் கொடுத்த நிமிடங்களுள் கல்கத்தாவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மாற்றாளாக வந்த முகமது ரபீக் தலையால் முட்டினார். பந்து உள்ளே. 1–0. மீண்டும் மையத்தில் வைத்து உதைக்கக்கூட நேரமில்லை என்னும்படி ஆட்டம் முடிந்தது. ஏழு நாள் முன்பு கடைசி நிமிடம் எதைக் கொடுத்ததோ, அதைவிடப் பெரியதைக் கடைசி நிமிடமே எடுத்துக்கொண்டது. பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது 5 கோல்கள் அடித்த ஹியூமுக்குக் கிட்டியது. அது அன்று எவருக்கும் ஆறுதலாக இல்லை.

என் பேரன் அழுதான். அவன் தந்தை, அதாவது என் மகன், அதுவரை சென்னைக்காக வாதாடி வந்தவன், அவனைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிவரை நடந்து சென்று திரும்பினான். இருவரும் என்ன பேசினர் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2015இல், சென்னை அணி கோப்பையை வென்றது; அன்று மண்டபத்தில் சர்க்கரைப் பொங்கல் வழங்கினோம். கேரளம் 2016இலும் 2021–22 பருவத்திலும் இறுதிவரை சென்று, இரண்டு தடவையும் பெனால்டி உதைகளில் தோற்றது. அவ்விரு நாள்களிலும் பொங்கல் வைக்க வாய்ப்பில்லாமற் போயிற்று.

பேரன் இப்போது மேற்படிப்புக்காகச் சென்னை சென்றிருக்கிறான். புறப்படும்போது அவன் பெட்டியில் துணிகளை அடுக்கியவள் அவன் பாட்டி. அடியில் மஞ்சள் சட்டை ஒன்று இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு வாங்கியது, இப்போது அவன் கைக்குக்கூடப் போதாது. இதை எதற்குச் சுமக்கிறாய் என்று அவள் வெளியே எடுத்து வைத்தாள். அவன் ஒன்றும் சொல்லாமல் மீண்டும் உள்ளே வைத்துப் பெட்டியை மூடினான்.